பிஸ்டன் அண்ணையின் கொப்பி

உலகத்தில் எதையும் லேசில் நம்பாதவர்கள் என்று ஒரு வரிசை போட்டால், சுங்க அதிகாரி, வங்கி மேலாளர், வீட்டு ஓனர் எல்லாரும் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான். முதல் இடம் பிஸ்டன் அண்ணைக்கு. அவரும் சும்மா நிற்க மாட்டார். அந்த இடம் தன் எடையைத் தாங்குமா என்று காலால் நாலு மிதி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் நிற்பார்.

ஜெர்மனியில், ஆஹென் நகரில் படிப்பை முடித்த கையோடு, வுப்பர்டால் பக்கத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. கிளப்புகளில் விளையாட்டுக்காகச் சுடுகிறவர்களுக்கு ரைஃபிள் செய்கிற இடம். ரைஃபிளை மேல்பாகம், கீழ்பாகம் என்று இரண்டாகக் கழற்றலாம். குழலும் வெடிக்கிற சமாசாரமும் மேல்பாகத்தில். வெடித்த புகையின் அழுத்தம் ஒரு குட்டி பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் கேரியர் என்ற இரும்புத் துண்டைப் பின்னால் தள்ளும், காலிக் கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். புகை உள்ளே வராததால் துப்பாக்கி சுத்தமாக இருக்கும் என்பது விற்கிறவர்கள் பேச்சு. மேலேயிருந்து தள்ளுவதால் கேரியரின் வால் சாய்ந்து, அது பின்னால் போய் வருகிற குழாயை உரசும் என்பது அண்ணை பேச்சு. மன்னாரிலிருந்து அகதியாக வந்து, முப்பது வருடமாக அந்த மேல்பாகங்களைச் சுட்டுச் சுட்டுச் சோதிப்பதே அவர் தொழில். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

முதல் நாளே எனக்குப் பாடம் எடுத்தார்.

"தம்பி, நம்பிக்கை வேற, ஆயுள் வேற. என்ர மச்சான் ஒருத்தன், கூப்பிட்டவுடன ஓடி வருவான். அஞ்சு வருசத்தில இடுப்புப் போயிட்டுது. சித்தப்பா ஒருத்தர், தொண்ணூறு வயசு, கல்லுமாதிரி இருக்கிறார். ஒரு நாளும் கூப்பிட்டு வந்தது கிடையாது. எனக்கு ரெண்டும் ஒண்டா வேணும். விளங்குதோ?"

"புரியுதுண்ணே" என்றேன். புரியவில்லை. பிறகு அவர் வேலை செய்வதைப் பார்த்துத்தான் புரிந்தது. சோதனை நடக்கும்போது எண்ணெய் போட மாட்டார், துடைக்க மாட்டார். துடைத்துவிட்டுச் சோதிப்பது களவாம். கரி ஏறி, சூடேறி, அந்த இரும்பே கும்பிட்டுக் கெஞ்சுகிற வரைக்கும் சுடுவார். நின்ற இடத்தில் நிறுத்தி, கழற்றி, விரலால் தடவி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தரம், போட்டுக்கொண்டு ஒரு தரம் பார்ப்பார்.

நான் சேர்ந்த முதல் வாரம், குளிர்ச் சோதனைப் பெட்டி பழுது. அண்ணை கேன்டீனில் இருந்த பெரிய உறைபெட்டியைக் காலி செய்து ஒரு மேல்பாகத்தைப் படுக்க வைத்துவிட்டார். சட்டப்படி நாலு பூட்டுக்குள் இருக்க வேண்டிய சாமான், ஐஸ்கிரீமுக்கும் பட்டாணிக்கும் நடுவில்! பட்டாணி எடுக்கப் போன சமையல்காரம்மா போட்ட கூச்சலில் ஆபீஸே திரண்டுவிட்டது.

"ஏன் கத்துறீங்கள்? பெட்டிக்குப் பூட்டு இருக்குத்தானே? பூட்ட மறந்திட்டன், அவ்வளவுதான். திறப்பு இந்தா, என்னட்டை" என்று சாவியைத் தூக்கிக் காட்டினார். எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. அதன் காகிதத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, "மெல்லிசு, கனகாலம் நிக்காது" என்றார்.

அடுத்த மாதம் கொலோனில் ஒரு கல்யாணத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். மண்டபத்தில் ஏழு கதிரையை ஆட்டிப் பார்த்துவிட்டு எட்டாவதில் உட்கார்ந்தார். பெண்ணின் அப்பா பூரித்துப்போய் வந்து, "எப்பிடி அண்ணை எங்கட மாப்பிள்ளை?" என்று கேட்டார். ஒரு மனிதர் இவரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது.

"புதுசுதானே. புதுசில எல்லாம் நல்லாத்தான் ஓடும். சூடாகட்டும், பாப்பம்."

எங்கள் மேசைக்கு அதற்குப் பிறகு வடை வரவேயில்லை.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "அண்ணே, யுத்தத்துக்குப் பயந்து ஓடி வந்துட்டு, இங்க வந்தும் இதே துப்பாக்கியா?"

"அங்க எங்களைக் கலைச்சுக் கலைச்சுச் சுட்ட துவக்கு ஒண்டும் இடையில நிக்கேல்லைத் தம்பி. எது நிக்கும், எது நிக்காது எண்டு எனக்குத் தெரியாட்டி வேற ஆருக்குத் தெரியும்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதில ஆரோ ஒரு மனுசன் கன்னத்தை வைச்சுச் சுடப்போறான். அந்தக் கன்னத்துக்கு நான்தான் பொறுப்பு" என்றார்.

இனி என் வேலையைச் சொல்கிறேன். அண்ணையின் ஜெர்மன் கேட்க ஜோராக இருக்கும், எழுத வராது. முன்பு இருந்த ஜெர்மன் மேஸ்திரி இவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதிக்கொள்வார். அவர் ஓய்வு பெற்றபின் வந்த புது மேலாளருக்கு எல்லாம் முறையான அறிக்கையாக வேண்டும். அண்ணை ஒரு நீல நோட்டில், அவர் பாஷையில் கொப்பியில், தமிழில் எழுதுவார், அதை நான் ஜெர்மன் அறிக்கையாக்க வேண்டும். என்னை எடுத்ததே பாதி இதற்காகத்தான்.

'ரெண்டாயிரம் வெடியில ஒருக்கா விக்கினது' என்று இருக்கும். 'தற்காலிகத் தடை ஒன்று பதிவானது' என்று எழுதுவேன். 'ஸ்பிரிங் செத்துப்போச்சு' என்பது 'ஸ்பிரிங்கின் நீளத்தில் மாற்றம்' ஆகும். 'இதைச் செய்தவனை ஒருக்கா இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததை, 'வடிவமைப்புத் துறையுடன் கலந்துரையாடல் விரும்பத்தக்கது' என்று மாற்றினேன். பெரியவர் ஒருவர் கோபத்தில் பேசுவதை இன்னொருவரிடம் சொல்லும்போது நாம் அப்படியேவா சொல்கிறோம்? பூசி மெழுகுவது நமக்குக் கூடப் பிறந்தது. நான் அதை மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

அப்போதுதான் அந்தப் புது மேல்பாகம் வந்தது. அழகென்றால் அழகு. மேலாளர் அதைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு அலைந்தார். அண்ணை ஒன்பது நாள் சுட்டார். பத்தாம் நாள் கொப்பியில் மூன்றே வரி:

'சூட்டில நிண்டிடும். வால் உரசிக் குழாய் தேயுது. வெளியில விடாதேங்கோ.'

அந்தக் காலையில்தான் மேலாளர் என்னை நடையில் நிறுத்தி, "உங்கள் நண்பரின் அறிக்கை எல்லாம் குறை கண்டுபிடிப்பதற்கென்றே எழுதியது போல இருக்கிறது. இன்னொன்று இப்படி வந்தால் சோதனை வேலையை வெளியே கொடுத்துவிடுவேன்" என்று சொல்லியிருந்தார். அண்ணையைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதி, நான் ப்ரோபெட்சைட்டில் இருந்தேன். ஆறு மாதத் தகுதிகாண் காலம், அதில் நாலு மாதம் பாக்கி. வேலை போனால் விசாவும் போகும். உட்கார்ந்து எழுதினேன்: 'அதிக வெப்பத்தில் அரிதாகத் தடை தோன்றலாம். தொடர்ந்து கவனிப்பது நலம்.'

கையெழுத்துக்குக் கொண்டு போனேன். ஏழு கதிரையை ஆட்டிப் பார்க்கிற மனிதர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

"நீர் எழுதினதுதானே, பிறகென்ன" என்று கையெழுத்தைப் போட்டுத் தந்தார்.

விற்பனைக்குப் போன புது மேல்பாகங்கள் மூன்றே மாதத்தில் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. கோடைப் போட்டிகளில் சூடேறியதும் நின்றுவிட்டனவாம். ஒன்று சரியாக மூடாமலே வெடித்து, சுட்டவருக்குக் கன்னத்தில் கீறல். கண் தப்பியது. அந்தச் செய்தி வந்த நாளில் அண்ணை மதியச் சாப்பாட்டைத் திறக்கவேயில்லை.

மேலாளர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அந்த அறிக்கை. 'அரிதாக' என்ற என் சொல்லின் கீழே சிவப்புக் கோடு.

"சோதித்தது நீங்கள். கையெழுத்து உங்களுடையது. குழாய் இவ்வளவு தேய்ந்திருப்பதை நீங்கள் கவனிக்கவில்லையா?"

அண்ணை காகிதத்தை எடுத்து, எழுத்துக் கூட்டி மெல்லப் படித்தார். அப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிறார். அவர் சட்டைப் பையில் கொப்பி புடைத்துக்கொண்டு நின்றது. எடுத்து மேசையில் வைத்தால் போதும், தமிழ் தெரிந்த யாராவது அந்த மூன்று வரியைப் படித்துச் சொல்லிவிடுவார்கள். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார்.

பிறகு ஜெர்மனில், "கவனிக்கவில்லை. என் பிழை" என்றார்.

கவனிக்கவில்லையாம்! காற்றடித்தால் காற்று தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற மனிதர்! நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இந்த இடத்தைச் சிரிக்கச் சிரிக்க எழுத எனக்குத் தெரியவில்லை, மன்னியுங்கள்.

வெளியே வந்ததும் நடையில் நின்றார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"உம்மட ப்ரோபெட்சைட் எப்ப முடியுது?"

"அடுத்த மாசம்ண்ணே. அண்ணே, நான்..."

"அப்ப அது முடியுமட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இரும்."

அவரைச் சோதனைக் கூடத்திலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை. சில மாதம் பொறுத்துவிட்டு, முன்கூட்டியே ஓய்வு கேட்டுப் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் கேக் வெட்டினார்கள். நான் கைதட்டினேன். அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று இப்போதும் தெரியவில்லை.

வேலை நிரந்தரமானது. விசா நீண்டது. 'நாளைக்குச் சொல்லிவிடலாம்' என்று ஒன்றரை வருடம் தள்ளினேன். ஒரு திங்கட்கிழமை மனசு தாங்காமல் மேலாளரிடம் போய், கொப்பியில் இருந்தது என்ன, நான் எழுதியது என்ன என்று எல்லாவற்றையும் சொன்னேன். "கோப்பு மூடியாகிவிட்டது" என்றார். "உங்களை இனி நான் எப்படி நம்புவது?" என்றும் கேட்டார்.

அந்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து அவர் வருகிற நேரம் பார்த்து, வுப்பர்டாலில் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். தலை நன்றாக நரைத்திருந்தது. தேத்தண்ணி வருவதற்குள் மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டேன். பாராட்டை எதிர்பார்த்தேனா, மன்னிப்பை எதிர்பார்த்தேனா, இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"விசரே உமக்கு?" என்று எழும்பிவிட்டார். "வேலை நிரந்தரம் ஆகிட்டுதே?"

"ஆமாண்ணே."

"விசா?"

"கிடைச்சிருச்சுண்ணே."

"அப்ப எல்லாம் ஒழுங்கா ஓடுது! ஓடுற சாமானை ஏனப்பா கழட்டினனீர்? முப்பது வருசத்தில அந்தக் கட்டடத்துக்குள்ள நான் சொன்னது ஒரே ஒரு பொய். உமக்காகச் சொன்னனான். அதையும் போய்ப் பழுதாக்கிப்போட்டு வந்து நிக்கிறீரே!"

தேத்தண்ணி வந்தது, ஆறியது. அவர் உட்காரவில்லை, குரலையும் இறக்கவில்லை. நான் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டேயிருந்தேன். அந்தத் திட்டு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்றிருந்தது எனக்கு.