கேள்வி எண் முப்பத்து நான்கு

ஒரு காரியம் நடந்து முடிந்தால்தான் மனம் ஆறுகிறவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்கள் சாதாரண மனிதர்கள், எந்தத் தெருவிலும் கிடைப்பார்கள். அந்தக் காரியம் ஒரு தாளில், ஓர் எண்ணுக்கு எதிரே, அச்செழுத்தில் ஏறிவிட்டாலே போதும், அது நடந்தே முடிந்துவிட்டதைப் போல வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிடுகிற ஒருவர் இருக்கிறாரே, அவரைத்தான் பார்க்கப் போகிறோம். நிகழ்ச்சி நிரல்தான் அவருடைய சாப்பாடு, தூக்கம், சுவாசம் எல்லாம். ஆகவே நிரல் மனிதர் என்றே அவரைக் கூப்பிடுவோம். சங்கம் உள்ள ஊரில் எல்லாம் அவர் இருப்பார். சங்கம் இல்லாத ஊரிலும் இருப்பார். அடுத்த வாரம் அங்கே சங்கம் இருக்கும்.

மலாயாவில், மலாக்கா மாநிலத்து ரெம்பியாவில் அவருக்குத் தனபாலன் என்று பெயர். நாற்பத்தைந்து வயது, லாரிக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி வேலை. அங்கிருந்து மூன்று மைல் தள்ளியிருந்த ஒத்தப்பாலத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய குடும்பத்தில் பிறந்தவர் என்ற உரிமையில் அந்தத் தோட்ட மக்கள் நலச் சங்கத்துக்குச் செயலாளர். அது போதாதென்று கோயில் திருப்பணிக் குழுவுக்கும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்துக்கும், பந்து விளையாட்டுக் கழகத்துக்கும் செயலாளர். பந்தை அவர் ஒரு நாளும் உதைத்ததில்லை. உதைக்கலாம் என்ற தீர்மானத்தை முன்மொழிவார், அவ்வளவுதான்.

வீட்டிலும் இதே கதைதான். "என்னங்க, அரிசி தீந்து போச்சு" என்று மனைவி ராஜம்மா வந்து நின்றால், "முன்கூட்டியே சொல்ல வேணாமா? இப்ப இதர விசயங்கள்லதான் சேத்துக்க முடியும்" என்பார். ராஜம்மா பதிலுக்குச் சோற்றை இதர விஷயங்களில் சேர்த்துவிடுவாள். அன்று அவருக்குக் கஞ்சி.

இத்தனை வேடிக்கையாக இருந்த மனிதருக்கு முன்னால் ஒரு முள்வேலி வந்து நின்றதுதான் கதை.

1951இல், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாதென்று ஒத்தப்பாலத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளைச் சுற்றி எட்டடி உயரத்துக்கு முள்கம்பி போட்டார்கள். வாசல் ஒன்றே ஒன்று, ஆபீஸ் பக்கம். பஸ் ஓடும் தார்ச் சடக்கோ லயத்தின் பின்னால், வேலிக்கு அந்தப்புறம் அறுபதே அடியில் இருந்தது. வீட்டுப் பின்வாசலில் நின்றால் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரின் மீசை தெரியும். ஆனால் அந்த பஸ்ஸில் ஏற வேண்டுமானால் முன்வாசல் வழியாகப் புறப்பட்டுச் செம்மண் பாதையில் ஒன்றரை மைல் சுற்றி வர வேண்டும். பிறகு மலாக்காவில் நிலைமை தேறியது. ஊரடங்கு போயிற்று, காவலாளி போனார், சோற்றுப் பொட்டலத்தைத் தடவிப் பார்த்தவர்களும் போனார்கள். வேலி போகவில்லை. அதில் தொங்கிய பலகையும் போகவில்லை. இதைச் சேதப்படுத்துகிறவர் அவசரகாலச் சட்டப்படி தண்டிக்கப்படுவார் என்று அது நாலு மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தது. 1960 பிறந்தும் அவசரகாலம் சட்டப்படி முடியவில்லை. அந்தச் சட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்களையும், இந்தியாவுக்கே கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டவர்களையும் அந்த லயம் கண்ணால் பார்த்திருக்கிறது. கம்பியைத் தொட யாருக்குக் கை வரும்?

போன கார்த்திகை மழையில் குழாயடியில் வைத்து இருளாண்டியைப் பாம்பு தீண்டியது. நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு சுற்றுவழியில் ஓடினார்கள். சடக்கைத் தொட்டபோது தூக்கி வந்தவர்களின் மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்டது.

சங்கம் உடனே கூடியது. தனபாலன் இரங்கல் தீர்மானம் வாசித்தார். அழகான தீர்மானம், அதை இரண்டு தடவை வாசித்தார். இரண்டு நிமிடம் எல்லோரும் எழுந்து நின்றார்கள். உட்கார்ந்ததும், பின்வரிசையிலிருந்து இருளாண்டியின் மனைவி வேலாயி கேட்டாள்: "இந்த வேலிய எப்ப தம்பி எடுப்பீங்க?"

நல்ல கேள்வி. தனபாலன் அதை உடனே எழுதிக்கொண்டார்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டுமா? தோட்ட நிர்வாகியான துரைக்குக் கடிதம் போயிற்று. வேலி அரசாங்கத்தினுடையது என்று பதில் வந்தது. அரசாங்க அலுவலகத்துக்குப் போயிற்று. இது பாதுகாப்பு விஷயம், போலீஸைக் கேளுங்கள் என்று வந்தது. போலீஸுக்குப் போயிற்று. எங்கள் பட்டியலில் அப்படியொரு வேலி இல்லை, தோட்ட நிர்வாகத்தைக் கேளுங்கள் என்று வந்தது. வேறு யாராவது என்றால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். தனபாலனுக்கோ முகம் மலர்ந்தது. ஒரு வேலிக்கு மூன்று பதில் வாங்கிய செயலாளர் மலாக்கா மாநிலத்தில் வேறு யார்?

நாலாவது கடிதம் நாடாளுமன்ற உறுப்பினருக்குப் போனது. அவர் நல்ல மனிதர். சபையில் கேட்கிறேன் என்று எழுதி, பார்வையாளர் மாடத்துக்கு ஒரு அனுமதிச் சீட்டையும் வைத்து அனுப்பிவிட்டார். அந்தச் சீட்டைக் கையில் வாங்கிய நாளிலிருந்து தனபாலன் தரையில் நடக்கவில்லை.

சித்திரை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு தம்பின் ஸ்டேஷனில் ரயில் ஏறிக் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தார். மாடத்தில் உட்கார்ந்ததும் அன்றைய அலுவல் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். அடடா! பிரார்த்தனை, சபாநாயகர் அறிவிப்பு, வாய்மொழிக் கேள்விகள், மசோதாக்கள், இரண்டாம் வாசிப்பு, குழு நிலை, மூன்றாம் வாசிப்பு, ஒத்திவைப்பு. ஒவ்வொன்றுக்கும் எண், எண்ணுக்குள் உட்பிரிவு, உட்பிரிவுக்குள் அடைப்புக்குறி. ஆறாம் பக்கத்தில், முப்பத்து நான்காம் எண்ணுக்கு எதிரே, 'ஒத்தப்பாலம்' என்பது ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துப் பிழையோடு அச்சாகியிருந்தது. தனபாலன் அதை விரலால் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. வேலாயியின் கேள்வி தேசத்தின் தாளில் ஏறிவிட்டது!

கேள்வி நேரம் ஒரு மணி நேரம். முதல் பத்துக் கேள்விகள் குதிரைப் பாய்ச்சலில் போயின. பதினோராவது, தபால்தலையின் பின்னால் இருக்கும் பசை சரியாக ஒட்டுவதில்லை என்பது. பசையில் சபையே ஒட்டிக்கொண்டது. ஒருவர் எழுந்து ஈரக்காற்றுதான் காரணமா என்றார். இன்னொருவர் எச்சில் போதவில்லையா என்றார். நாக்கால் நக்குவது சுகாதாரமா என்று மூன்றாமவர். மாண்புமிகு உறுப்பினர் எந்த நாக்கைக் குறிப்பிடுகிறார் என்று நாலாமவர். சபை சிரித்தது. தனபாலனும் சிரித்தார். பத்தொன்பதாம் கேள்வியில் மணி அடித்தது; நேரம் முடிந்தது, மற்றவற்றுக்கு எழுத்துமூலம் பதில் வரும் என்று சபாநாயகர் சொல்லிவிட்டார்.

நீங்களும் நானுமாக இருந்தால் எழுந்து நடையைக் கட்டியிருப்போம். தனபாலன் ஒத்திவைப்பு வரை உட்கார்ந்திருந்தார். வெளியே தாழ்வாரத்தில் உறுப்பினர் அவரைக் கண்டு, "மன்னிச்சிருங்க, நம்ம கேள்வி வரைக்கும் வரலே" என்று வருத்தப்பட்டார்.

"என்ன சார் அப்படிச் சொல்றீங்க? வாயால சொன்னா காத்தோட போயிரும். எழுத்துல வந்தா ஃபைல்ல இருக்கும் லா!"

உறுப்பினர் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்துவிட்டு அவசரமாகக் காரில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை தம்பினிலிருந்து பஸ். லயத்துக்குப் பின்னால் தார்ச் சடக்கில் இறங்கியபோது தனபாலனின் கையில் அலுவல் பட்டியல் விரிந்திருந்தது. கூட்டத்தில் எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்தபடி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்தார். நேராக நடந்தார். அறுபது அடி தாண்டியதும் ஒரு வாளி காலில் இடறியது. நிமிர்ந்தால், எதிரே மருதமுத்துவின் வீடு. கொடியில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தோம்?

திரும்பிப் பார்த்தார். வேலியில் ஒரு லாரி போகிற அகலத்துக்கு ஓட்டை. வெட்டிய கம்பிகள் சுருட்டி ஓரமாகக் கிடந்தன. பலகை கவிழ்ந்து கிடக்க, அதன்மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

"வாங்கண்ணே!" என்று மருதமுத்து ஓடி வந்தான். தோட்டத்து லாரி டிரைவர், முகமெல்லாம் பல். "பையன் பொறந்திருக்கான். நேத்து காலையிலயே ஜெயமணிக்கு வலி வந்திருச்சி. நான் லாரியோட ஸ்டோருக்குப் போயிட்டேன். வேலாயி அக்காதான் என் சாமான் பொட்டியத் தொறந்து, கொறடு எடுத்து, டக்கு டக்குன்னு வெட்டிப்புட்டாங்க. மத்த பொம்பளைங்க கம்பியப் புடிச்சு இழுத்திருக்காங்க. அப்புறம் பஸ்ஸ நிறுத்தி ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. தலை திரும்பியிருந்துச்சாம். அரைமணி தாமதிச்சிருந்தா ரெண்டு பேருமே இல்லேன்னு டாக்டர் சொன்னாராம்."

"எத்தனை மணிக்கு வெட்டினாங்க?"

"பத்தே கால் இருக்கும். ஏண்ணே?"

பத்தே கால். தபால்தலைப் பசை. தனபாலனுக்கு நாக்கு உலர்ந்தது. ஜெயமணி பிழைத்ததில் அவருக்குச் சந்தோஷந்தான், அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் வேறொன்று கிடந்து பிறாண்டியது. வேலியைப் பற்றிய கேள்வி தேசத்தின் முன்னால் நிலுவையில் இருக்கிறது. வேலியைக் காணோம். நாளைக்கு அமைச்சிலிருந்து அதிகாரி வந்து எங்கே வேலி என்று கேட்டால் செயலாளர் எதைக் காட்டுவார்?

சொன்னால் நம்பமாட்டீர்கள். கல்யாணக் கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். சட்டைக் கையை மடித்தார். சுருட்டிக் கிடந்த முள்கம்பியைப் பிரித்து வேலியைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். வாழ்நாளில் ஒரு கொடிக்கயிறு கட்டியறியாதவர். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை முதுகில் அடித்தது. கால்சட்டை மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கக் குனிந்தால் சட்டை மாட்டியது. கொஞ்ச நேரத்தில் வேலியில் இருந்த ஒரே காவல் அவர்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு போலீஸ் கார்ப்பரல் சைக்கிளில் வந்து சடக்கோரம் நின்றார். மருதமுத்துவின் பல் மறைந்தது. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கார்ப்பரல் ஓட்டையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தார். பிறகு சைக்கிளைத் தோளில் தூக்கிக் கம்பிச் சுருளைத் தாண்டி உள்ளே வந்து, "பாகுஸ் லா! டெக்காட்!" என்றார். நல்லதாப்போச்சு, கிட்டக்க இருக்கு என்று அர்த்தம். ஆபீஸ் பக்கம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போயே போய்விட்டார்.

வேலாயி குறடோடு வந்தாள். அவர் சட்டையைப் பிடித்திருந்த கம்பியை நறுக்கினாள்.

"ஏன் தம்பி, திருப்பிக் கட்டுறீங்களா?"

"அக்கா, உங்களுக்குச் சொன்னா புரியாது. விசயம் நாடாளுமன்றத்துல இருக்கு. பதில் வர்ற வரைக்கும் யாரும் கைவைக்கக் கூடாது. அதுதான் முறை."

"எம் புருசன் செத்தப்ப ரெண்டு நிமிசம் நிக்கச் சொன்னீங்க. நின்னோம்." அவள் ஓட்டையைக் காட்டினாள். "குழாயடியிலேருந்து இப்படிப் போனா சடக்குக்கு ரெண்டு நிமிசந்தான் தம்பி ஆவுது. நேத்துதான் நடந்து பாத்தேன்."

தனபாலனின் கையிலிருந்த கம்பி தானாக நழுவியது. உள்ளங்கை முழுவதும் ரத்தம், அப்போதுதான் எரிந்தது. இருளாண்டியை அவருக்கு அரைக்கால்சட்டைக் காலத்திலிருந்து தெரியும். இரண்டு பேரும் ஒரே பீலித் தண்ணீரில் குளித்தவர்கள். அது இப்போது நினைவுக்கு வந்தது. தீர்மானம் எழுதும்போது வரவில்லை. கோட்டை மறந்து, ஒன்றரை மைல் சுற்றுவழியிலேயே நடந்து பஸ்ஸுக்குப் போனார். குறுக்கே போக அன்றைக்கு அவருக்குத் துணிவில்லை.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நிரல் மனிதருக்கு வெட்கம் வருவதுண்டு, தங்குவதில்லை. அடுத்த கூட்டத்துக்குள் தேறிவிட்டார்.

ஜூலைக் கடைசியில் அவசரகாலமே முடிந்தது. ஆகஸ்டில் எழுத்துமூலம் பதில் வந்தது, இரண்டே வரி: மேற்படி தோட்டத்தில் விசாரணை செய்யப்பட்டது, அங்கே வேலியில் திறப்பு உள்ளது, மக்களுக்கு யாதொரு இடைஞ்சலும் இல்லை.

தனபாலன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சங்கத்துச் சுவரில் மாட்டினார். "பாத்தீங்களா! கேள்வி கேட்டோம், வேலி தொறந்துச்சு. கேக்காம இருந்தா தொறந்திருக்குமா?" என்று உரையாற்றினார். எல்லோரும் கைதட்டினார்கள். மருதமுத்துகூடத் தட்டினான். கூட்டம் முடியும் தறுவாயில், உறுப்பினர் வேலாயி அம்மாள் முறையான அனுமதியின்றிச் செயல்பட்டது பற்றிச் சங்கம் தன் வருத்தத்தைப் பதிவுசெய்கிறது என்றும் ஒரு வரி நிறைவேறியது. வேலாயி அதைக் கேட்கவில்லை. ஜெயமணி வீட்டில் குழந்தைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் தெருமுனையில் மூடியில்லாமல் கிடக்கிற சாக்கடையைப் பற்றி நீங்கள் ஒரு புகார்க் கடிதம் எழுதிப் போட்டீர்களே, போட்டுவிட்டு என் கடமை முடிந்தது என்று நாலு பேரிடம் சொன்னீர்களே, அந்தக் கடிதத்தின் நகல் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று உங்களுக்கு நன்றாகத் தெரிகிறதே! சாக்கடையை மூடுகிற அளவுக்கு ஒரு பலகை உங்கள் வீட்டுக் கொல்லையில் எத்தனை நாளாகச் சும்மா கிடக்கிறது?