இடைவெளியைக் கரைப்பவர்

இடைவெளி கரைப்பவர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆண்களுக்கு இவ்வளவு சம்பளம், அதே ஊரில் பெண்களுக்கு அதைவிடக் குறைவு என்று யாராவது ஓர் எண்ணைச் சொல்லி வாயை மூடுவதற்குள், தலையைச் சற்றே சாய்த்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மிகுந்த கனிவோடு, "அது எப்படி அளந்தீங்கங்கிறதைப் பொறுத்தது" என்று சொல்கிறாரே, அவர்தான். அவர் கோபக்காரர் அல்ல. பெண்களுக்கு எதிரியும் அல்ல. அப்படிச் சொன்னால் உண்மையிலேயே வருத்தப்படுவார். வீட்டில் சூப் வைப்பது அவர்தான். பிள்ளையின் நீச்சல் உடுப்பு எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மகளிர் தினமான மார்ச் எட்டாம் தேதி சட்டையில் ஊதாப் பட்டை குத்திக்கொண்டு வருவார். ஒரே ஒரு பழக்கம்தான். கண்ணெதிரே ஓர் இடைவெளி தெரிந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. காப்பியில் போட்ட சர்க்கரைக் கட்டியைப் போல அதைக் கலக்கிக் கலக்கி, இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிட்டுத்தான் கரண்டியைக் கீழே வைப்பார்.

இந்த இனத்தின் உயர்தர மாதிரி ஒன்று லக்சம்பர்க் நகரில், கிர்ச்பெர்க் மேட்டில், பல நாடுகளின் சம்பளங்களை வரிசையில் நிறுத்தி ஒப்பிடும் ஓர் அலுவலகத்தில் இருந்தது. பெயர் யோரிஸ் வெர்ஹாகன். கெண்ட் ஊர்க்காரர், மெலிந்தவர், மழை பெய்தாலும் டிராம் ஏறாமல் மிதிவண்டியில் வருபவர். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவரைப் பார்க்க வேண்டும். வடக்கே ஒரு நாட்டின் எண் திரையில் பெரிதாக விழும். யாரோ ஒருவர், "இவ்வளவா" என்று பெருமூச்சு விடுவார். உடனே யோரிஸின் கண்ணாடி நெற்றிக்கு ஏறும். பகுதிநேரக்காரர்களைச் சேர்த்தார்களா? மணிக்கணக்கா, மாதக்கணக்கா? வயது பார்த்தார்களா? சின்னக் கம்பெனிகளை விட்டுவிட்டார்களா? பெண்கள் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் குவிந்திருக்க, ஆண்கள் எண்ணெய்க் கிணற்றில் நிற்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்தார்களா? ஒவ்வொரு கேள்விக்கும் எண் கொஞ்சம் இளைக்கும். கூட்டம் முடிவதற்குள் அது பத்தியம் இருந்த நோயாளிபோல் படுத்துவிடும்.

தெற்கே ஒரு நாட்டில் இடைவெளியே இல்லை என்று எண் வந்தால் மகிழ்வாரா? அதுவும் இல்லை. "அங்க பாதிப் பெண்கள் வேலைக்கே வரலை. வந்தவங்க எல்லாம் நல்லாப் படிச்சவங்க. அதான் சின்னதாத் தெரியுது" என்பார். அதுவும் சரிதான். இந்த இனத்தோடு பழகுவதில் இருக்கிற பெரிய தொல்லையே இதுதான்: அவர்கள் கேட்கிற கேள்வி ஒவ்வொன்றும் சரியான கேள்வி.

எல்லாம் கரைந்தபின் அடியில் தங்குவதற்கு 'விளக்கப்படாத மிச்சம்' என்று பெயர். அந்தச் சொல்லை யோரிஸ் உச்சரிக்கும்போது குரல் சற்றுத் தாழும், வீட்டில் தூங்கும் குழந்தையைப் பற்றிப் பேசுவதுபோல.

அவருக்கு எதிர் மேசையில் கைரே லெபிக் இருந்தார். எஸ்தோனியாவின் தார்த்து நகரத்துப் பெண்மணி. இருவரும் ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள், ஒரே வேலை. நாடுகள் எப்படிக் கணக்கு அனுப்ப வேண்டும் என்று விளக்கும் தடித்த வழிகாட்டி நூலை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். அதில் தெளிவாக இருக்கும் பக்கங்கள் கைரே எழுதியவை என்று யோரிஸே சொல்வார். அதிகம் பேசாதவர். பேசினால் எதிராளி தன் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பார்.

அந்தக் கோடையில் ஒரு புதிய விதி வந்தது. ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிற எவரும், தன்னைப்போன்ற வேலை செய்யும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சராசரியாக என்ன சம்பளம் என்று கேட்கலாம். அலுவலகம் பதில் சொல்லியே ஆக வேண்டும். இத்தனை நாடுகளைப் பார்த்து இதே கேள்வியை ஆண்டுதோறும் கேட்ட அந்த அலுவலகம், தன்னைப் பார்த்து ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. கைரே கேட்டார். பணியாளர் பிரிவின் தலைவி மதாம் தைசன் கேள்வியைப் படித்தார், இதற்குப் பதில் எழுதத் தகுந்த ஆள் யார் என்று யோசித்தார். அதிக நேரம் யோசிக்கவில்லை.

கேட்டது தன் தோழி என்பதால் யோரிஸ் வழக்கத்தைவிடக் கூடுதல் சிரத்தையோடு வேலையில் இறங்கினார். வினையே அதுதான். அவரிடம் பெயர்கள் தரப்படவில்லை, தொகுத்த எண்கள் மட்டும்தான். முதல் பார்வையிலேயே இடைவெளி தெரிந்தது. மறைந்துகொள்ளக்கூட முயலாத, வெட்கமில்லாத இடைவெளி. யோரிஸ் கரண்டியை எடுத்தார். முன்பு வேலை பார்த்த இடத்தில் வாங்கிய சம்பளம் என்ன என்று பார்த்துத்தான் இங்கே சம்பள ஏணியில் முதல் படி தரப்படுகிறது. அதைச் சேர்த்தார், பாதி கரைந்தது. பேறுகால விடுப்பைச் சேர்த்தார். சில வருடம் வாரத்தில் நாலு நாள் மட்டும் வந்ததைச் சேர்த்தார். படி உயர்வு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவர்கள், கேட்காதவர்கள் என்று பிரித்தார். கடைசியில் பார்த்தால் மிச்சமே இல்லை. அவருடைய வாழ்நாளில் எந்த நாட்டிலும் வராத பூஜ்யம், சொந்த அலுவலகத்தில் வந்து நின்றது. ஒரு கலைஞனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மதாம் தைசன் கையெழுத்துப் போட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டவும் செய்தார்.

நல்ல சேதியைத் தானே நேரில் சொல்ல வேண்டும் என்று யோரிஸுக்கு ஆசை. ஆகஸ்டு முடியப்போகிறது, கிளாசித் திடலில் பெரிய சந்தை கூடியிருந்தது. ராட்டினத்துக்குக் கீழே உருளைக்கிழங்கு வடைக் கடையில் கைரேயோடு வரிசையில் நிற்கும்போது ஆரம்பித்தார்.

"கைரே, நல்ல சேதி. இடைவெளி இல்லை."

"இல்லையா?"

"மொத்தமாப் பார்த்தா இருக்கு. சரிபண்ணிப் பார்த்தா இல்லை."

எதையெல்லாம் சரிபண்ணினாய் என்று கைரே கேட்டார். யோரிஸ் ஒன்றுவிடாமல் சொன்னார். பழைய சம்பளம், விடுப்பு, நாலு நாள் வாரம், கேட்காத வாய். கைரே பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வரிசை இரண்டு அடி நகர்ந்தது.

"அதாவது, நான் சம்பளம் கூடக் குடுக்கிற ஊர்ல பிறந்து, பிள்ளை பெத்துக்காம, வாயாடியாவும் இருந்திருந்தா எனக்குக் கூட வந்திருக்கும்."

"ஆமா" என்றார் யோரிஸ், இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டாரே என்ற மகிழ்ச்சியில்.

"அதைத்தான் இடைவெளி இல்லைன்னு சொல்ற."

"இடைவெளி விளங்கிருச்சுன்னு சொல்றேன்."

"என் வீட்டுக்கடன் தவணைக்கு இந்த விளக்கத்தை வங்கியில வாங்கிக்குவாங்களா?"

யோரிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், பிறகு இறக்கினார். வடை வந்தது, கூடவே ஆப்பிள் கூழும். கைரே தன்னுடையதை வாங்கிக்கொண்டு, வானிலை பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்: "ரூபெர்ட் நேத்து இங்கதான் பீர் அடிச்சிட்டுத் தன் படி என்னன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தான். நீ என்னைவிட ரெண்டு படி மேல. அவன் உன்னைவிட ரெண்டு படி மேல."

ரூபெர்ட் என்பவர் வியன்னாவிலிருந்து போன வருடம் வந்தவர். அந்த வழிகாட்டி நூலை யோரிஸிடமே வந்து சந்தேகம் கேட்டுப் படித்தவர்.

வாசகரே, இந்த இடத்தில் நீங்கள் யோரிஸின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வயது பார்த்தாரா? படிப்பு பார்த்தாரா? மணிக்கணக்கா மாதக்கணக்கா என்று கேட்டாரா? ஒன்றுமில்லை. எதையும் சரிபண்ணாத பச்சை எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டார். வடையைக் கடிக்காமலே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு மேட்டின்மேல் இருக்கும் அலுவலகத்துக்கு மிதிவண்டியை மிதித்துக்கொண்டு போனார்.

மதாம் தைசன் அவரை உட்காரச் சொன்னார். யோரிஸ் உட்காரவில்லை. என்னைவிடப் பின்னால் வந்தவருக்கு என்னைவிட அதிகம் எப்படி என்று கேட்டார். மதாம் தைசன் இழுப்பறையைத் திறந்து யோரிஸின் அறிக்கையையே எடுத்து மேசையில் விரித்தார். கேலிக்காக அல்ல, அவர் கேலி தெரியாத மனுஷி. நல்ல கருவி கையில் இருக்கும்போது பயன்படுத்தாமல் விடுவானேன் என்றுதான். ரூபெர்ட் வங்கியிலிருந்து வந்தவர், யோரிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து. பழைய சம்பளம் வேறு. யோரிஸ் மகள் பிறந்தபோது அரை வருடம் விடுப்பு எடுத்திருக்கிறார். ரூபெர்ட் சேரும்போதே பேரம் பேசினார். யோரிஸ் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை.

"விளக்கப்படாத மிச்சம்னு எதுவும் இல்லை, மிஸ்டர் வெர்ஹாகன்" என்றார் மதாம் தைசன். "உங்க முறை ரொம்பத் தெளிவா இருக்கு."

அன்று மாலை யோரிஸ் சூப் வைக்கவில்லை. மனைவி லீசெலோட் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தபோது, அவர் சமையலறையில் வெறும் பாத்திரத்துக்கும் நறுக்காத கேரட்டுக்கும் எதிரே உட்கார்ந்திருந்தார். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, அந்தம்மா சொன்னதில் தப்பு எங்கே என்றார் லீசெலோட். தப்பு எதுவும் இல்லை என்று யோரிஸ் ஒப்புக்கொண்டார்.

"தப்பில்லைன்னா ஏன் பச்சைக் கேரட்டை வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்க?"

அதற்கு அவரிடம் விளக்கம் இருக்கவில்லை. அவருக்கு அது பழக்கமில்லாத நிலை. ஒரு காரணம் உண்மையாக இருக்கலாம், அதனாலேயே அது நியாயம் ஆகிவிடாது என்ற சின்ன விஷயம், எத்தனையோ நாடுகளைச் சுற்றிவிட்டு அன்றுதான் அவர் வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. தனக்கு நடந்தது தன்னை இப்படிக் குடைகிறதே, இதையேதான் வரிசையில் நின்று சிரித்த முகத்தோடு கைரேயிடம் நல்ல சேதி என்று சொன்னோம் என்பது நினைவுக்கு வந்தபோது அவருக்குக் காது சூடாகியது.

மறுநாள் முழுக்க அவர் தன் அறிக்கையைப் பிரித்து உட்கார்ந்தார். கணக்கில் பிழை தேடவில்லை, பிழை இல்லை. ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து, இது சரியா என்று கேட்டார். நாலு நாள் வந்தபோது நாலு நாள் சம்பளம்: சரி, இருக்கட்டும். ஆனால் ஐந்து நாளும் வரத் தொடங்கி எத்தனையோ காலம் ஆனபிறகும் அந்த விடுப்பு ஏன் ஒரு படியைப் பிடித்து வைத்திருக்கிறது? தார்த்துவில் வாங்கிய சம்பளத்துக்கும் லக்சம்பர்க்கில் எழுதும் பக்கத்துக்கும் என்ன உறவு? கேட்காத வாய்க்கு அபராதம் போடலாம் என்று எந்த விதியில் இருக்கிறது? நிற்காத காரணங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கரைந்துபோன சர்க்கரையைக் காப்பியிலிருந்து திரும்ப எடுப்பது சுலபமான வேலை அல்ல. மாலையில் இடைவெளி மறுபடி மேசையில் வந்து உட்கார்ந்தது.

கையெழுத்தான அறிக்கையைத் திரும்பப் பெறுவது அந்த அலுவலகத்தில் யாரும் செய்யாத காரியம். யோரிஸ் போனார்.

"பூஜ்யம்னு நீங்கதான் சொன்னீங்க" என்றார் மதாம் தைசன்.

"கணக்கு அப்பவும் சரி, இப்பவும் சரி. நான் பதில் சொன்ன கேள்விதான் தப்பு."

மதாம் தைசன் புதிய பக்கங்களை மெல்லப் புரட்டினார். பிறகு, இதில் உங்கள் படியும் உயருமா என்று கேட்டார். யோரிஸ் அதையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"உயராது. ஆண்களோட சராசரியை வச்சுத்தான் அளக்கிறோம். நான் அந்தப் பக்கத்துல நிக்கிறேன். என் விஷயத்தை இதுல கலந்தா அவங்க விஷயம் கெட்டுப்போகும்."

மதாம் தைசன் பேனாவை எடுத்தார்.

புதிய அறிக்கையைப் பற்றிக் கைரேயிடம் யோரிஸ் சொன்னபோது, இதெல்லாம் உனக்கு முன்னால் தெரியாதா என்று கைரே கேட்டார். தெரியும், கணக்காகத் தெரியும் என்றார் யோரிஸ். மன்னிப்பும் கேட்டார், சுருக்கமாக, எந்தத் திருத்தமும் சேர்க்காமல். கைரே தலையசைத்து, தன் திரைக்குத் திரும்பினார். ஆனால் அன்று காப்பி எடுக்கப் போனபோது இரண்டு கோப்பை கொண்டுவந்தார்.

படிகளை முடிவு செய்யும் குழு கூடியது, ஒத்திவைத்தது, மறுபடி கூடியது. பனி விழும் காலத்தில் கைரேக்கும் இன்னும் சில பெண்களுக்கும் படி உயர்ந்தது. கைரே ஏலக்காய் மணக்கும் வளைய ரொட்டி ஒன்றைச் சுட்டுக்கொண்டு வந்தார். ரூபெர்ட் இரண்டு துண்டு தின்றார். தன் படிக்காக யோரிஸ் தனியாகக் கொடுத்திருந்த விண்ணப்பம் 'பரிசீலனையில்' இருக்கிறது என்று ஒரு மரியாதையான பதில் வந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இனி அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? குணம் அவ்வளவு சுலபமாகப் போகிற சமாச்சாரமா? செவ்வாய்க்கிழமை எண் திரையில் விழுகிறது, கண்ணாடி ஏறுகிறது, பகுதிநேரம், வயது, படிப்பு எல்லாம் வரிசையாக வருகின்றன. ஆனால் முடிவில் ஒரு புதுக் கேள்வி சேர்ந்திருக்கிறது. "சரி, காரணம் இதுதான். இந்தக் காரணம் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்கிறார். அதனால் கூட்டம் நீள்கிறது. பசியோடு இருப்பவர்கள் அவரைத் திட்டுகிறார்கள். கைரே திட்டுவதில்லை.

இவ்வளவையும் படித்த நீங்கள் நியாயமான மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் மனத்தின் மூலையில், ஓர் அலுவலகம், ஓர் ஆள், ஒரே ஒரு கோடைக்காலம், இதை வைத்து எப்படிப் பொதுவாகச் சொல்ல முடியும், மாதிரி போதாதே என்று ஒரு மெல்லிய குரல் கேட்கிறதா? அருமையான கேள்வி. மிகச் சரியான கேள்வி. கிர்ச்பெர்க் மேட்டில், எங்கள் அலுவலகத்தின் நாலாவது மாடியில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்பதை மட்டும் சேருமுன் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.