மடத்துக் கூரையும் தங்கள் பெட்டிப் பட்டறையும்

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் ஜில்பேர் அவர்களுக்கு,

வோசெல் நகராட்சியின் தொழில் வளர்ச்சி அலுவலரும் தங்கள் அக்கா ஓதிலின் கணவனுமாகிய லம்பேர் தெல்வோ எழுதுவது. மடத்துப் பாலாடைக்கட்டிக்குத் தாங்கள் செய்துதரும் மரப்பெட்டிகளின் ஆர்டர் பாதியாகக் குறைந்தது ஏன் என்று விளக்குவதும், பட்டறை ஆட்களை நிறுத்துவதற்கு முன் மரத்தில் பறவைக் கூடு செய்வது பற்றித் தாங்கள் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதும் இக்கடிதத்தின் நோக்கம். தங்கள் முதுகுவலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். இங்கு மழை. ஓதில் நலம். என்னைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.

காரணத்தைத் தேடி அலைய வேண்டாம், அது நான்தான். நம் ஆர்டென் மலைத் துறவிகள் தம் தேவைக்கு மேல் ஒரு பாலாடைக்கட்டிகூடச் செய்யமாட்டார்கள் என்பது இங்கே மாடு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், என் அறிக்கையில் அடிக்குறிப்பாகவே போட்டிருக்கிறேன். மடத்துக் கூரை ஒழுகியது, புதுக் கூரைக்குப் பணம் சேர்க்க அவர்கள் உற்பத்தியை இரட்டிப்பாக்கினார்கள், பால்காரர்கள் மாடு வாங்கினார்கள், தாங்கள் ஆள் சேர்த்தீர்கள், நானோ இதையெல்லாம் ‘சமய நிறுவனங்களும் உள்ளூர் உற்பத்தியும்’ என்று தலைப்பிட்டு, மேல்நோக்கிப் பாயும் அம்புக்குறி ஒன்றும் வரைந்து, மாகாணக் கூட்டத்தில் கைதட்டு வாங்கினேன். அந்தக் கைதட்டின் மயக்கத்தில், ஊரை வாழவைக்கும் துறவிகளுக்கு ஊர் கைம்மாறு செய்ய வேண்டாமா என்று எனக்குத் தோன்றியதே, அங்கே பிடித்தது சனி. கூரை நிதிக் குழு அமைத்தேன், அதற்கு விதிமுறைகள் எழுதினேன், அவ்விதிகளின்படி என்னையே தலைவராகத் தேர்ந்தெடுத்தேன், வாஃபிள் பலகாரம் சுட்டு விற்றோம், கச்சேரி வைத்தோம், இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று மேடையில் நான் தழுதழுத்தபோது முன்வரிசையில் பலமாகக் கைதட்டியவர் தாங்கள்.

கூரை வேய்ந்து முடிந்ததும் மடத்தில் பால் காய்ச்சும் கொப்பரைகளில் பாதியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். பதறியடித்து மடாதிபதி மெடார் சாமியிடம் ஓடினேன்.

“வாங்க தெல்வோ! மேல பாத்தீங்களா, ஒரு சொட்டு ஒழுகலை. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

“சாமி, கொப்பரையெல்லாம் கவுந்து கிடக்கே?”

“பின்ன? கூரைக்குத்தானே கூடுதலாக் காய்ச்சினோம். அதான் நீங்களே போட்டுக் குடுத்துட்டீங்களே. இனிமேலாவது நிம்மதியா ஜெபம் பண்ணலாம்.”

“ஊரு பொழப்பு என்னாகும் சாமி?”

“ஊருக்காகத்தான் ஜெபமே!” என்றார் மலர்ந்த முகத்தோடு. அடிக்குறிப்பு எழுதிய நான் ஆமென் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

சந்தையில் தலைகாட்ட முடியவில்லை. பால்காரி மார்செலின் எதிர்ப்பட்டு, “என்ன சார், தொழில் வளர்ச்சி! இன்னும் எங்கயாச்சும் கூரை ஒழுகுதா? சொல்லுங்க, மிச்ச மாட்டையும் வித்துக் குடுத்துடுறேன்” என்றாள். “ஏம்மா, நீயும் ஆசையாத்தானே குடுத்தே?” என்றேன். “ஆமா, படிச்சவர் சொல்றாரேன்னு நம்பித் தொலைச்சேன்!” நியாயமான பேச்சு என்பதால் தொப்பியை எடுத்து வணங்கிவிட்டு நடந்தேன்.

ஆகவே, பறவைக் கூடு. அதற்கும் மெல்லிய மரப்பலகைதான் வேண்டும். பறவைகளுக்கு வீட்டுத் தட்டுப்பாடு இருக்கிறதா என்பதை இனிமேல்தான் விசாரிக்க வேண்டும். தங்கள் எட்டு ஆட்களையும் கிறிஸ்துமஸ் வரை மட்டும் நிறுத்தாதிருங்கள். அவர்கள் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பில்லை. தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் இறையருளும், பட்டறைக்கு என் யோசனைகளிலிருந்து பாதுகாப்பும் கிடைக்க வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
லம்பேர் தெல்வோ

பின்குறிப்பு: பறவைக் கூட்டை மறந்துவிடுங்கள். மெடார் சாமி இப்போதுதான் தொலைபேசியில் பேசினார். புதுக் கூரையின் கனம் தாங்காமல் மடத்தின் கிழக்குச் சுவர் பிளந்துவிட்டதாம், யாருக்கும் அடியில்லை, சுவரை அடியிலிருந்து கட்ட வேண்டுமாம், அந்தச் செலவுக்காகத் திங்கட்கிழமை முதல் எல்லாக் கொப்பரைகளும் அடுப்பேறுகின்றன, பெட்டி முன்னைவிடக் கூடுதலாக வேண்டும் என்றார். நான் மகிழ்ந்து முடிப்பதற்குள் தங்கள் அக்கா, “ஐயோ பாவம் சாமிங்க! நாமதான் எதாச்சும் பண்ணணும்” என்று மாதர் சங்கத்தைப் தேவாலயப் பங்கு மண்டபத்துக்குக் கூப்பிட்டுவிட்டாள். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டிருக்கிறேன். நேரே அங்கே போய், வாசலை மறித்து நின்று, ஒரு சதம்கூட வசூலாகாமல் தடுக்கப்போகிறேன்.