திரும்பி வந்த தேதி

செஞ்சி,
11-11-1949

சேசு மரி சூசை

சைகோன் பட்டணத்தில் சுங்க ஆபீசு உத்தியோகம் பார்க்கும் கனம் பொருந்திய மாப்பிள்ளை தேவசகாயம் அவர்களுக்கு, மாமனார் லூர்துநாதன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் மாமியார் இருதயமேரியும் கறவை எருமையும் சர்வேசுரன் கிருபையால் சுகம். அங்கு தங்கள் சுகத்துக்கும், ஆறு மாதம் சுமக்கும் என் மகள் லில்லியின் சுகத்துக்கும் தினம் ஜெபமாலை சொல்லி வருகிறோம். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவள், நைனா பக்கத்தில் இருந்தால் இதுவாவது தங்கும் என்று எழுதியிருக்கிறாள். படித்த அன்றே கப்பல் ஏறியிருப்பேன். விசா மனுவின் ஒன்பதாம் கேள்விதான் காலைப் பிடித்துக்கொண்டது.

முன்பு வெளிநாடு போனதுண்டா, போன தேதி என்ன, திரும்பிய தேதி என்ன, கூட இருந்தவர் பெயர் என்ன, அவர் திரும்பினாரா என்று கேட்டிருக்கிறார்கள். பொய் எழுதினால் மனு தள்ளுபடி என்று கீழே சிவப்பு மையில் போட்டிருக்கிறது. தாலுகா ஆபீசு வாசலில் மனு எழுதும் அரிகிருஷ்ணன், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதி முடித்துவிடலாம் என்றான். ஆறு வருஷம் ரங்கூன் அரிசி ஆலையில் மூட்டை தைத்தவன் எப்படி இல்லை என்று எழுதுவது, பிடிபட்டால் என் மகளுக்கு யார் பதில் சொல்வது என்று அவனிடம் கோபித்துக்கொண்டேன். போன தேதி பழைய கப்பல் சீட்டில் இருக்கிறது. திரும்பியதற்குத்தான் அத்தாட்சி இல்லை, ஏனென்றால் நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து அரக்கான் மலை வழியே நடந்து வந்தேன், எந்த மலையும் எனக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கவில்லை.

உங்கள் மாமியாரைக் கேட்டால் அவளுக்கும் தேதி தெரியவில்லை. நான் வந்த அன்று கதவைத் திறந்தவள் அழவில்லை, ஒரு சட்டி கூழை நீட்டிவிட்டு நான் விழுங்குகிறேனா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், விழுங்கிய பிறகுதான் அழுதாள். சரி, கோயில் புத்தகத்தைப் பார்ப்போம் என்று பங்குச் சாமியாரிடம் போனேன். அதில் நான் வந்ததாக இல்லை, செத்ததாக இருக்கிறது. நான் இறந்துபோனதாக யாரோ ஒரு பெண்பிள்ளை வந்து சொன்னதும் பூசை வைத்து, உடம்பு இல்லாத குறைக்கு என் கல்யாணச் சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்திருந்தார்கள், நான் வந்த பிறகும் யாரும் அதை அடிக்கவில்லை, கோயில் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கூடாதாம். உங்களுக்கும் தெரியும், கல்லறைத் திருநாளன்று என் கல்லறையை இருட்டாக விட்டால் ஊர் ஏசும் என்று வருஷா வருஷம் நானே போய் மெழுகுவத்தி ஏற்றி வருகிறேன். போன வாரமும் போனேன். எனக்கு முன்பே யாரோ வந்து கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். வேதக்காரர் கல்லறையில் கற்பூரம் ஏற்றுகிறவன் யார் என்று அப்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மாப்பிள்ளை, இனி எழுதப்போவதை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. என்னோடு நடந்தவன் தொண்டூர் பச்சைமுத்து. மோவாயில் மாடு முட்டிய தழும்பு உள்ளவன், வழியெல்லாம் என்னைச் சிரிக்கவைத்தவன். மலையில் பேதி கண்டு செத்தான். சாப்பிட்ட தகரத்தட்டால் மண்ணைத் தோண்டி நான்தான் புதைத்தேன். அவன் பெண்சாதி தனகோட்டியிடம் அதைச் சொல்லத் தைரியமில்லாமல் ஏழு வருஷம் தொண்டூர்ப் பக்கமே போகாதிருந்தேன். அது என் கோழைத்தனம். ஒன்பதாம் கேள்வி கழுத்தைப் பிடித்துத் தள்ளியதால் போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் போனேன். உச்சி வெயிலில் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஒரு காசு அகலத்துக்குக் குங்குமம். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"அவரு வந்துட்டாரே அண்ணே, ஒங்களுக்குத் தெரியாதா? கொல்லையில மல்லாட்டச் செடி புடுங்கிக்கினு இருந்தோம். ஒரு சொம்புத் தண்ணி குடிச்சாரு. லூர்துவ தகரத்தட்டால தோண்டிப் பொதச்சிட்டு வந்தேன், அவங்க ஊட்ல போய்ச் சொல்லுன்னாரு. நாந்தான் வந்து சொன்னேன்."

இப்போது எங்கே என்றேன். பாறையைக் காட்டினாள். பழைய காலத்துச் சமண முனிவர்களின் கல் படுக்கையில் கொஞ்சம் சாய்ந்துவிட்டு வருகிறேன் என்று ஏறினவன் இன்னும் இறங்கவில்லையாம், நடந்த அலுப்பில் தூங்குகிறாராம், எழுப்பக் கூடாதாம். தகரத்தட்டைப் பற்றி இந்த உலகத்தில் எனக்கும் செத்தவனுக்கும்தான் தெரியும். அதே சொம்பில் எனக்கும் தண்ணீர் கொடுத்தாள். நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தபோது அண்ணே என்று சொல்லவில்லை.

"மறுபடி எப்பக் கெளம்புற? இந்த வாட்டியாவது சொல்லிட்டுப் போ" என்றாள்.

நான் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் செஞ்சிவரை நடந்தே வந்தேன். உண்மையை எழுதினால் அவள் குங்குமத்தை அழிக்க வேண்டும். அவள் சொல்வதை எழுதினால் நான் செத்தவன், செத்தவனுக்கு விசா கிடையாது என்று அரிகிருஷ்ணன் சொல்கிறான். கடைசியில், இருவரும் திரும்பினோம் என்று எழுதி, திண்டிவனத்தில் எடுத்த என் படத்தையும் வைத்து அனுப்பிவிட்டேன். ஒரு பொய் எழுதினேன், அது எந்தப் பாதி என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

மனு நிச்சயம் தள்ளுபடியாகும். லில்லியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மாதா உங்கள் வீட்டை விட்டு நகராமல் இருக்கட்டும். எருமையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள் இருதயமேரி.

இப்படிக்கு,
மாமனார் லூர்துநாதன்

பின்குறிப்பு (28-11-49): பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்கு இதையெல்லாம் எழுதுவார்களா என்று உங்கள் மாமியார் இந்தக் கடிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் ஒளித்துவிட்டாள், இன்றுதான் கண்டெடுத்தேன். மேலே எழுதிய எதற்கும் கவலைப்பட வேண்டாம். விசா வந்துவிட்டது. பெயர் என்னுடையது, ஊர் என்னுடையது. ஒட்டியிருக்கும் படம் பச்சைமுத்துவுடையது. அரிகிருஷ்ணனிடம் காட்டினேன், உங்கள் படந்தான் என்கிறான். இருதயமேரியிடம் காட்டி, மோவாயில் தழும்பைப் பார் என்றேன். "மாடு முட்டனதுதான, எப்பவும் இருக்கறதுதான" என்று எருமைக்குத் தவிடு கலக்கப் போய்விட்டாள். எனக்குக் கண்ணாடி பார்க்கத் துணிவில்லை. இன்று தொண்டூர் போய்ச் சொல்லிக்கொண்டு வந்துவிடுகிறேன். வருகிற மாதம் எட்டாம் தேதி கப்பல். யார் இறங்கி வந்தாலும் லில்லியை அருகில் வரச் சொல்லுங்கள், பிள்ளை பிறந்ததும் முதலில் அவர் கையிலே கொடுங்கள். இருவரில் எவராக இருந்தாலும் அவ்வளவு தூரம் நடந்து வீடு வந்து சேர்ந்தவர். பிள்ளை தங்கும்.