சிரிப்புக்குப் போட்ட நாற்காலி

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் மூத்த மகன், முன்னாள் நகைச்சுவை நடிகன், பணிவுடன் எழுதுவது. நலம் என்று எழுதுவதுதான் முறை என்பதால், நலம். தாங்களும் அத்தையும், கடையும், கடையில் உள்ள குழாய்கள் அனைத்தும் ஒழுகாமல் நலமாக இருக்க விரும்புகிறேன்.

முடிவை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஒன்றாம் தேதி கடைக்கு வருகிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்காகத் தாங்கள் போட்டு வைத்திருக்கும் ஸ்டூலில் உட்காருகிறேன். எழுந்திருக்க மாட்டேன். இது துருப்பிடிக்காத முடிவு. தாங்களே வேண்டாம் என்றாலும் வருவேன்.

ஏன் என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். தோற்றவனுக்கும் கொஞ்சம் பேச இடம் உண்டு.

நம் பந்தயம் நினைவிருக்கும். சென்ற வருடம் தங்கள் வீட்டில், சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே தாங்கள் சொன்னது: “படம் ஓடுது, ஓடாமப் போகுது, அது எனக்கு வேண்டாம் மாப்ள. தியேட்டர்ல டிக்கெட் எடுத்து உக்காந்தவன் ஒருத்தன், ஒரே ஒருத்தன், உன்னைப் பாத்துச் சிரிச்சான்னா போதும். அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லேன்னா பேசாம வந்து கடையில உக்காரு.” சரி என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். தாங்கள் சிரிக்கவில்லை. எங்கள் குழுவின் நிகழ்ச்சிக்கு ஒருமுறை வந்தபோதும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, பழுதான மோட்டாரைப் பார்ப்பது போல எங்களைப் பார்த்தீர்கள். தங்கள் சிரிப்பைக் கேட்டவர் உலகத்தில் அத்தை ஒருவர்தான். காற்று அடைத்த குழாய் திறப்பது போல இருக்கும் என்பார். நான் நம்பியதில்லை.

குழுவைப் பற்றித் தங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் என் திரைப்பட வாழ்க்கை எப்படி நாசமாயிற்று என்பது புரியும். நாங்கள் நான்கு பேர். எழுதுபவன் தாடி. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் டீச்சர் எங்கள் நாடகங்களில் போலீஸ்காரர், நீதிபதி, எல்லா அதிகாரமும் அவர்தான். குள்ளன் என்று நாங்கள் கூப்பிடும் ஆறடிக்காரன் ஒருவன். பிறகு நான். கார் ஓட்டக் கற்றுத்தரும் இடத்துக்கு மேல்மாடியில், சனிக்கிழமை மாலைகளில், ஒரு கோப்பை டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் குட்டி நாடகங்கள். கீழே ஹாரன் அடித்துப் பழகுவார்கள். எங்களுக்கு ஒரே சட்டம், தாடி போட்டது: சிரிப்புக்கு நாற்காலி போடு. அதாவது ஒரு வேடிக்கையைச் சொன்னால் உடனே அடுத்த வசனத்துக்கு ஓடாதே. நில். எதிரே இருப்பவன் முகத்தையே பார். கண்ணைச் சிமிட்டாதே. சிரிப்பு வெட்கப்படும் விருந்தாளி; நாற்காலி காலியாக இருப்பது தெரிந்தால்தான் உள்ளே வரும். இந்தச் சட்டத்தை மீறியதற்காகக் குள்ளன் ஒரு மாதம் திரை இழுக்கும் வேலை மட்டும் செய்தான். எனக்கு இது எலும்புக்குள் போய்விட்டது. வீட்டில் உப்புக் கேட்டால்கூட நின்று பார்ப்பேன்.

சினிமாவில் நாற்காலி கிடையாது, மாமா. அங்கே சிரித்தால் வேலை போகும். “சைலன்ஸ்” என்று ஒருவர் கத்துவார். கத்தினதும் ஐம்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

முதல் படத்தில் நான் பக்கத்து வீட்டுக்காரன். “சார், உங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டுக் கட்டில்ல தூங்குது” என்று கதாநாயகனிடம் சொல்ல வேண்டும். சொன்னேன். நின்றேன். பார்த்தேன். கதாநாயகன் என்னைப் பார்த்தார். நான் வசனத்தை மறந்துவிட்டேன் என்று அவர் நினைத்து, எனக்கு உதவுவதாக எண்ணி, என் வசனத்தையே திருப்பிச் சொன்னார். அதுதான் படத்தில் இருக்கிறது. அந்த வசனம் அவருடையதாகிவிட்டது. என் பங்குக்குப் பின்னந்தலை வருகிறது. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நல்ல தலை என்று அம்மா மட்டும் சொன்னார்.

இரண்டாம் படத்தில் லைட் பிடிப்பவர் ஒருவர் உண்மையிலேயே சிரித்துவிட்டார், அவர் சிரிப்பில் லைட் குலுங்கி, லைட் குலுங்கியதில் கதாநாயகியின் நிழல் சுவரில் ஆட, எடுத்தது வீணாகி, திரும்ப எடுத்து, திரும்பவும் அவர் சிரித்து, மூன்றாம் முறை டைரக்டர் என் தோளில் கை வைத்து மிக அன்பாக, “கொஞ்சம் வேடிக்கையா இல்லாம பண்ணுங்களேன்” என்று கேட்டுக்கொண்டார். செய்தேன். அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த லைட்காரர் டிக்கெட் எடுத்தவர் இல்லை என்பதால் அவர் சிரிப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பந்தயத்தில் நேர்மை முக்கியம்.

மூன்றாவது படம்தான் என் படம் என்று இருந்தேன். குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்க ஒரு படம். நான் வீட்டுத் தரகர். புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு ஒரு பழைய வீட்டைக் காட்ட வேண்டும். தாடியே உட்கார்ந்து வசனத்தைச் சீர் செய்து கொடுத்தான். வாசலைத் திறந்துவிட்டு நான் சொல்ல வேண்டியது: “இதுக்கு முன்னாடி குடியிருந்தவங்க ரொம்ப நல்லவங்க. காலி பண்ணும்போது ஒரு சாமான்கூட எடுத்துட்டுப் போகல.” எழுதிப் பார்த்தால் சிரிப்பு வருகிறதல்லவா? மேல்மாடியில் இதைச் சொன்னபோது கீழே கார் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

சொன்னேன். நாற்காலி போட்டேன். அந்தப் பெண் முகத்தையே பார்த்தேன். கண்ணைச் சிமிட்டவில்லை.

யாரும் “கட்” சொல்லவில்லை. ஒரு ஈ பறப்பது கேட்டது. அந்தப் பெண் பின்னால் நகர்ந்து கணவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அது வசனத்தாளில் இல்லாத நடிப்பு. பிறகு டைரக்டர் எழுந்து வந்தார். சின்னப் பையன் போல இருந்தார், முகம் வெளுத்திருந்தது.

“சார், அவங்களை என்ன பண்ணீங்க?”

“யாரை?”

“முன்னாடி குடியிருந்தவங்களை.”

அன்று மாலைக்குள் கதையை மாற்றிவிட்டார்கள். குடும்பப் படம் கொலைப் படமாயிற்று. கொன்றது நான். எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், டைரக்டர் சார், அது வேடிக்கை சார், அங்க சிரிக்கணும் சார், நான் காத்துக்கிட்டு இருக்கேன் சார், அதுக்குத்தான் பாக்கறேன் என்று. அவர் உதவியாளரிடம் திரும்பி, “இதையும் எழுதிக்கோ, ‘நான் காத்துக்கிட்டு இருக்கேன்’, சூப்பர்” என்றார். மதியச் சாப்பாட்டுக்கு என் எதிரில் யாரும் உட்காரவில்லை. எடிட்டர் நான் பேசியதையெல்லாம் வெட்டிவிட்டு நான் சும்மா நின்றதை மட்டும் வைத்துக்கொண்டார். நான் சிரிப்புக்குப் போட்ட நாற்காலிகளில் எல்லாம் இசையமைப்பாளர் வந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ஒரு வயலினை அறுத்தார்.

இதை யோசித்துப் பார்த்திருக்கிறேன், மாமா. காலி இடத்தை மனிதர்கள் காலியாக விடுவதில்லை. சிரிப்பு வராவிட்டால் வேறு எதையாவது கொண்டுவந்து வைக்கிறார்கள். பெரும்பாலும் பயத்தை. ஒரே முகம்தான். ஒரே நிற்றல்தான்.

படம் வெளியான அன்று தங்களை அழைக்கப் போன் செய்தேன். சரக்கு எடுக்க வெளியூர் போயிருப்பதாக அத்தை சொன்னார். நல்லதாயிற்று. நாங்கள் நால்வரும் நடுவரிசையில் உட்கார்ந்தோம். என் முகம் திரையில் வந்ததும் எனக்கு முன்னால் இருந்த குழந்தை அழுதது. திரும்பிப் பார்த்து என் நிஜ முகத்தைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டது. அது இன்னும் மோசம். வாசல் காட்சி வந்தது. “ஒரு சாமான்கூட எடுத்துட்டுப் போகல.” தியேட்டர் முழுக்க மூச்சில்லை. அப்போது கடைசி வரிசையில், இருட்டில், யாரோ ஒருவர். முதலில் ஒரு கொரகொரப்பு. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு பீறிட்டுக்கொண்டு வந்தது. சுற்றி இருந்தவர்கள் உஸ் உஸ் என்றார்கள். நிற்கவில்லை. டீச்சர் என் முழங்கையைப் பிடித்து, “டேய், ஒருத்தர் சிரிக்கறார்டா” என்றார். விளக்குப் போட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். இருக்கை காலி.

அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இருமலாக இருக்கலாம். கைபேசியில் எதையாவது பார்த்திருக்கலாம். பயத்தில் சிரிப்பவர்களும் உண்டு. ஆளைக் காட்ட முடியாத சிரிப்பை வைத்துத் தங்களிடம் பந்தயம் ஜெயிக்க எனக்கு மனமில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை. பத்திரிகையில் என் மௌனத்தைப் பாராட்டி எழுதினார்கள். பக்கத்து வீட்டம்மாவிடம் “பால் வந்துடுச்சா?” என்று கேட்டேன், கதவைச் சாத்திக்கொண்டார். முன்பெல்லாம் மோட்டார் போட்டதற்குச் சண்டைக்கு வரும் வீட்டுக்காரர் இப்போது “உங்க இஷ்டம் சார்” என்கிறார். படங்கள் வந்தன: கொலைகாரன், கொலைகாரன், கொலைகாரனின் அண்ணன், நோயாளிகளைக் கொல்லும் பல் டாக்டர். அத்தனையையும் மறுத்துவிட்டேன். தொழில் பார்த்தால் சிரிக்க வைக்கும் தொழில், இல்லையென்றால் குழாய். நடுவில் ஒன்றும் கிடையாது.

அதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். போன சனிக்கிழமையைத்தான் தாங்க முடியவில்லை. மேல்மாடியில் கூட்டம். என்னைப் பார்க்க வந்த கூட்டம். எப்போதும் சிரிப்பில் கூரையே அதிரும் தையற்காரர் நாடகம். டீச்சரின் இடுப்பளவை எடுத்துவிட்டு, “துணி பத்தாது” என்று சொல்லி, நாற்காலி போட்டேன். ஒரு சத்தமில்லை. ஒரு அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கீழே ஹாரன் மட்டும் கேட்டது. முடிந்ததும் தாடி என் முகத்தைப் பார்க்காமல் திரையை மடித்துக்கொண்டிருந்தான். டீச்சர்தான் சொன்னார்: “நீ வந்து நின்னாலே ஹால்ல ஏசி போட்ட மாதிரி ஆயிடுதுடா. கொஞ்ச நாள் வராம இரு. ஜனங்க மறக்கட்டும்.”

சினிமாவில் இருந்து சிரிப்பைக் கொண்டுவரப் போனவன், இருந்த சிரிப்பையும் தொலைத்துவிட்டு வந்தேன்.

ஆகவே ஒன்றாம் தேதி. வாடிக்கையாளர்களிடம் வேடிக்கை பேச மாட்டேன். பேசினாலும் நிற்க மாட்டேன். குழாயின் விலையைச் சொல்லிவிட்டு உடனே குனிந்து பில் போடுவேன். அத்தைக்கு என் வணக்கம். தங்கள் மூட்டு வலிக்கு நானே ஏணி ஏறி மேல்தட்டுச் சரக்கை எடுத்துத் தருகிறேன், இனி தாங்கள் ஏற வேண்டாம். கடை செழிக்கட்டும், ஊரில் எல்லார் வீட்டுக் குழாயும் அளவோடு ஒழுகட்டும்.

என்றும் தங்கள் சொல்லைத் தட்டாத,
மருமகன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அத்தை போன் செய்தார். நீங்கள் வியாபாரத்தைக் கெடுக்கிறீர்கள் என்று புகார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “யாராவது குழாய் கேட்டு வந்தா, ‘இதுக்கு முன்னாடி இந்தக் குழாய் வாங்கினவங்க ரொம்ப நல்லவங்க’ன்னு சொல்லிட்டு அவங்க மூஞ்சியையே முறைச்சுப் பாக்கறார். அப்புறம் அவரே கொரகொரன்னு சிரிக்கறார். வந்தவங்க குழாயைப் போட்டுட்டு ஓடறாங்க. சரக்கு எடுக்கப் போறேன்னு போனவர் வெறுங்கையோட வந்து நின்னப்பவே நான் கேட்டேன். ‘பையன் படத்துக்குப் போனேன், அவன்கிட்ட சொல்லிடாதே, சொன்னா இந்த ஸ்டூல் காலியாவே கிடக்கும்’னார். நான் சொன்னேன்னு சொல்லிடாதப்பா.”

மாமா, நீங்கள் டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள். கிழித்துக் கொடுத்த பாதி டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்திருப்பதையும் அத்தை பார்த்துவிட்டார். மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் தேதி வரமாட்டேன். ஏணியில் ஏறாதீர்கள், வாடிக்கையாளரையே ஏறச் சொல்லுங்கள். வருகிற சனிக்கிழமை, ஜனங்கள் மறந்தாலும் மறக்காவிட்டாலும், மேல்மாடியில் நிற்பேன். தாடியிடம் சொல்லியாயிற்று. முன்வரிசையில் உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். முதலில் ஒருவர் சிரித்தால் போதும், மற்றவர்களுக்குத் தைரியம் வரும். கையைக் கட்டிக்கொள்ளாமல் வாருங்கள்.

இத்தனை வருடம் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது நாற்காலியில் ஆள் வந்தாயிற்று. அடுத்த வசனத்துக்குப் போகிறேன்.