பால்சுறா அக்கா வெள்ளிக்கிழமை வந்தார்

எங்கள் தெருவில் பால்சுறா அக்காவுக்குத் தெரியாமல் ஒரு பிள்ளைக்கும் பால்பல் விழுந்தது கிடையாது. குடவாசலுக்கு இந்தப் பக்கம் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், எது பரீட்சையில் கோட்டை விட்டது, எது வீட்டுக்குத் தெரியாமல் வாய்க்காலில் குதித்தது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. பெற்றவர்களுக்கே சில சமயம் அவர் சொல்லித்தான் தெரியும்.

பிள்ளைகளே, நான் வாடகை வேன் ஓட்டுகிறவன். பத்தாவது வரைதான் படிப்பு. இதில் பிழை இருந்தால் உங்கள் டீச்சரிடம் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

அக்கா மீன் விற்பவர். நாகப்பட்டினத்துக் கடற்கரைக் குடும்பம். அலுமினிய அன்னக்கூடையை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு எட்டு மணிக்குத் தெருவுக்குள் நுழைவார். பிள்ளை பெற்ற வீட்டுக்கு மட்டும் பால்சுறா தேடிப் பிடித்துக் கொண்டுவருவார். அந்த மீனில் புட்டு செய்து கொடுத்தால் தாய்க்குப் பால் ஊறும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அவருக்கு முன்னால் அவருடைய அம்மா கொண்டுவந்தார். அதனால்தான் அந்தப் பெயர். அதனால்தான் அந்த அதிகாரமும்.

"நான் குடுத்த பால்சுறாவுல வளந்த புள்ள. எனக்குப் பாக்க உரிமை இல்லியா?" என்பார்.

வாசலில் வண்டியை நிறுத்தியதும் மீன் எடுக்க மாட்டார். "மொதல்ல புள்ளைங்களக் காட்டு. அப்பறம் மீனக் காட்டுறேன்." வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனையும் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும். கண்ணைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார். முகம் வாடியிருந்தால் அன்றைக்கு அந்த வீட்டுக்குக் குழம்பு கிடையாது, விசாரணைதான்.

ஒருநாள் என் மகன் அவன் மாமா வீட்டுக்கு வலங்கைமான் போயிருந்தான். என் மனைவி சட்டியோடு நிற்கிறாள்.

"பையன் எங்க?"

"ஊருக்குப் போயிருக்கான்க்கா. அரைக் கிலோ சங்கரா போடுங்க."

"வீடியோவுல காட்டு."

"அக்கா, எண்ணெய் காயுதுக்கா!"

"காயட்டும். காட்டு."

போனில் மகன் வந்தான். வாயைத் திறக்கச் சொன்னார். முன்பல் இரண்டும் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "ம், விழுந்துருச்சா" என்று தலையாட்டினார். அப்புறம்தான் தராசு தொங்கியது.

பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியைகூட அவரை நம்புவார். ஒரு தகப்பனார் நாலு வயதுப் பிள்ளையை ஐந்து என்று சேர்க்க வந்தார். கேட் வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்த அக்கா அங்கிருந்தே கத்தினார்: "டீச்சர், நம்பாதீங்க! இது பொறந்தது புயலடிச்ச மாசம். போட்டே கடலுக்குப் போவல. சுறாவுக்காக நான் எங்கெங்க அலைஞ்சேன் தெரியுமா? இன்னும் அஞ்சு முடியல!" தகப்பனார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

சிரித்தது போதும். இனிமேல் சொல்லப்போவது சிரிக்கிற கதை இல்லை.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெண் இருந்தாள். அவள் பெயரை எழுத மாட்டேன், மலர் என்று வைத்துக்கொள்வோம். என் மகளோடு ஒன்பதாவது படித்தாள். அம்மா இறந்துவிட்டார். அப்பா குவைத்தில் வேலை. பெரியப்பா வீட்டில் வளர்ந்தாள். அந்தப் பெரியப்பா என்னிடம் வந்து, "தம்பி, வெள்ளிக்கிழமை திருக்கடையூர் போறோம். எனக்கு அறுபதாம் கல்யாணம். ஒம்போது மணிக்கு வண்டி வேணும்" என்றார். சந்தோஷமாகச் சரி என்றேன்.

அந்தப் புதன்கிழமை அக்கா அவர்கள் வாசலில் நின்று, "மலரைக் காட்டுங்க" என்றார். தலைக்குக் குளிக்கிறாள் என்றார்கள். வியாழக்கிழமையும் கேட்டார். தூங்குகிறாள் என்றார்கள். அக்கா மீன் கொடுக்காமல் நேராக என் வேனுக்கு வந்தார். முகம் சரியில்லை.

"தம்பி, நாளைக்கு எங்க சவாரி?"

"திருக்கடையூருங்க. அண்ணனுக்கு அறுபதாங் கல்யாணம்."

"யாருக்கு அறுபது? அவரு பொறந்தப்ப எங்கம்மா பால்சுறா கொண்டாந்துச்சு. அதுக்கு அடுத்த வருஷம் நான் பொறந்தேன். எனக்கு அம்பத்தி மூணு. அவருக்கு எப்புடி அறுபது ஆவும்?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்து நாலுதான் வந்தது.

"எட்டு மணி வரைக்கும் தூங்குற புள்ளையா அது? உன் மவளக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் என் மகளைக் கேட்டேன். மலர் நாலு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை என்றாள். ஒரு கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மலரிடம் இரவல் கொடுத்திருந்த நோட்டு, முந்தாநாள் ஒரு சின்னப் பையன் கையில் திரும்பி வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணமாம். யார்கிட்டயாவது சொல்லு."

"ரெண்டு நாளா ஏம்மா சொல்லல?"

"நீங்க அந்த வீட்டுல சண்டைக்குப் போயிருவீங்கன்னு பயம்ப்பா."

நானா? சண்டைக்கா? ஹாரன் அடிக்கவே யோசிப்பவன் நான். பிள்ளைகளே, என் மகள் செய்ததில் பாதிதான் தப்பு. பயந்தாள், ஆனாலும் கடைசியில் சொன்னாள். உங்களிடம் யாராவது இப்படி ஒரு சேதி சொன்னால் ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள். அப்பாவிடம், அம்மாவிடம், டீச்சரிடம், மீன்காரரிடம், யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்லுங்கள்.

நோட்டோடு தலைமை ஆசிரியை வீட்டுக்கு ஓடினேன். அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும் குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிட்டார். காலையில் எட்டு மணிக்குள் அதிகாரிகள் வந்துவிடுவார்கள் என்று பதில் வந்தது. அக்காவுக்கும் போனில் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொன்னார். வண்டி ஒன்பதுக்குத்தானே, போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

விடிந்து ஆறரைக்கு போன். பெரியப்பா. "தம்பி, இப்பவே வாங்க. முன்னாடியே கெளம்புறோம்."

வர முடியாது என்றால் வேறு வண்டி பிடிப்பார்கள், மலர் கண்ணில் படாமலே போய்விடுவாள். தலைமை ஆசிரியைக்கும் அக்காவுக்கும் சொல்லிவிட்டு வேனை எடுத்தேன். நாலு வீட்டுத் தூரத்தை நான் கடந்த வேகத்தில் ஒரு நத்தை என்னை முந்தியிருக்கும்.

எல்லோரும் ஏறினார்கள். நடு சீட்டில் மலர். பட்டுப்புடவை, அதற்குள் தேடினால்தான் அவள் தெரிவாள். என்னைக் கண்ணாடியில் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

"என்ன தம்பி, வண்டியத் தள்ளணுமா?"

"இல்லண்ணே, டயர்ல காத்து பாக்குறேன்." நாலு டயரையும் பார்த்தேன். ஸ்டெப்னியையும் பார்த்தேன். பிறகு முதல் டயரை மறுபடி பார்த்தேன்.

அப்போதுதான் அந்த மொபெட் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் யாரும் மீன் வாங்க மாட்டார்கள், அக்கா வரவும் மாட்டார். அவ்வளவு காலத்தில் அன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை வந்தார். என் போன் வந்தபோதே பாதி வழியில் இருந்தாராம். அன்னக்கூடை நிறைய மத்தி.

"புள்ளையக் காட்டுங்க" என்றபடி கூடையோடு வேனுக்குள் ஏறினார்.

"எறங்குக்கா! வெள்ளிக்கிழமையும் அதுவுமா, கோயிலுக்குப் போற வண்டியில மீனா!" பெரியம்மா அலறினார்.

"எறங்குறேங்க. இந்தா, கால் வழுக்குதே" என்றார் அக்கா. கால் வழுக்கவில்லை, நான் பார்த்தேன். கூடை மட்டும் கவிழ்ந்தது. மத்தி சீட்டுக்கடியில் ஓடியது, மீன் தண்ணீர் பட்டுவேட்டிகளில் ஏறியது. முன்சீட்டில் இருந்த தாம்பாளத்தில் தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவே ஒரு மத்தி படுத்துக்கொண்டது.

எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். குளிக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், வேறு வண்டி தேட வேண்டும். மலர் மட்டும் இறங்கவில்லை. அக்கா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு என்னக்கா எங்க வீட்டு விஷயத்துல?" பெரியப்பா கத்தினார்.

"இவளப் பெத்தவளுக்கு நான்தான் பால்சுறா கொண்டாந்தேன். பதினாலு வயசு முடிஞ்சு நாலு மாசம். நீங்க மறந்திருப்பீங்க, நான் மறக்கல."

தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. வேனைச் சுற்றி வந்து நின்றார்கள், அவ்வளவுதான். நானும் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றேன். முக்கால் மணி நேரம். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான முக்கால் மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. தலைமை ஆசிரியையும் அதிகாரிகளும் ஜீப்பில் வந்து இறங்கியபோது வேன் படியில் கிடந்த மத்தி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. "வயசுப் பொண்ணுங்க. அவங்கப்பன் அங்க, நான் இங்க. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று அழுதார். "இத்தன பேரு நிக்கிறோமே, கண்ணு தெரியலியாண்ணே?" என்றார் அக்கா. பதினெட்டு முடியாமல் கல்யாணம் இல்லை என்று அந்த வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மலர் பள்ளிக்கூடம் திரும்பினாள். அதன் பிறகு அக்கா கேட்பதற்கு முன்பே பெரியப்பா அவளை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

இப்போது அக்காவுக்கு முழங்கால் முடியவில்லை, வருவதில்லை. புதிதாக வரும் மீன்காரர் மீனைத்தான் காட்டுகிறார். அதனால் தெருவில் நாங்களே ஒருவர் வீட்டுப் பிள்ளையை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். இரண்டு நாள் ஒரு முகம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

வேனைப் பத்துத் தடவை கழுவினேன், சீட்டுத்துணி மாற்றினேன், எலுமிச்சை தேய்த்தேன். மழைக்காலத்தில் கண்ணாடியை ஏற்றினால் இன்றும் லேசாக மத்தி வாடை வரும். சவாரி வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கென்னவோ, அது வருகிற நாளில்தான் கொஞ்சம் பயமில்லாமல் வண்டி ஓட்ட முடிகிறது.