பளீல் குந்துவதற்கு ஒரு சீட்

இனிமேல் அந்தச் சைக்கிள் சீட்டில் குந்துவதில்லை என்று பளீல் முடிவெடுத்துவிட்டான். சும்மா எடுத்த முடிவில்லை. வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு, காலிதீனின் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருந்து, பிளேன்டி ஆறித் தண்ணீராகும்வரை யோசித்து எடுத்த முடிவு. கலியாணம் முடித்த நாளிலிருந்து பளீல் சொந்தமாக எடுத்த முடிவுகளை ஒரு கையில் எண்ணினால் விரல் மிஞ்சும். அதனால் இந்த முடிவை உடனேயே நிறைவேற்றினான். சைக்கிளில் ஏறாமல் வீடுவரைக்கும் உருட்டிக்கொண்டே போனான்.

காரணம் காலிதீன். பளீலோடு ஒரே வாங்கில் படித்தவன், இப்போது ஊர்ப் புதினத்தைச் சீனி போட்டுக் கலக்கிக் கொடுப்பவன்.

"மச்சான், இறுகின சீட்டுல நாளாந்தம் குந்தி ஓடுறது ஆம்புளைகளுக்குக் கூடாதாம்டா."

"என்னடா கூடாது?"

"ரெத்த ஓட்டம். சீட்டுட மூக்கு கூரா இரிந்தா நரம்ப அமத்திப் போடுமாம். முதல்ல மரத்துப் போகுமாம்."

"மறுகா?"

"மறுகா ஒண்டுமில்ல."

"அப்ப பரவால்ல."

"மடையா, மறுகா ஒண்டுமே இல்லாமப் போறதுதான்டா வருத்தம்."

பளீலுக்கு வேர்த்துவிட்டது. மரத்துப் போவது அவனுக்குத் தெரியாத சங்கதியா என்ன? சாய்ந்தமருதிலிருந்து மாவடிப்பள்ளி வயலுக்குப் போய் இறங்கினால், தன் உடம்பில் பாதி இன்னும் காரைதீவுச் சந்தியில் நிற்பது போலத்தான் இருக்கும். இத்தனை காலமும் அதைக் களைப்பு என்று நினைத்திருந்தான். அல்லாஹ்வே, எத்தனை வருசக் களைப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறவன். வீடு நதீராவின் சீதனம். வளவு அவளுடையது, கிணறு அவளுடையது, மாவடிப்பள்ளி வயலும் அவளுடையது. கோழிகூட அவள் கூப்பிட்டால்தான் வரும். பளீல் அந்த வாசலுக்குள் கொண்டுவந்த ஒரே சொத்து சைக்கிள். வேறு ஊர்களில் ஆண்களுக்குக் கோபம் வந்தால், என் வீட்டை விட்டுப் போ என்பார்களாம். பளீலுக்குக் கோபம் வந்தால் சைக்கிளைத் துடைப்பான்.

நதீரா நிந்தவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் பளீல்தான் சைக்கிளின் பின் கெரியலில் ஏற்றிக்கொண்டு போவான். போகிற வழியில் காலிதீன் கடையில் பிளேன்டி குடிக்காமல் சைக்கிள் நகராது. அதுவரை நதீரா தெருவோரம் குடை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே மணி அடித்துவிடும், அதிபர் கேற்றடியில் நின்று மணிக்கூட்டைப் பார்ப்பார். ஒருநாள் அவள் கேட்டாள், நானும் சைக்கிள் ஓடப் பழகட்டா என்று. பளீல் சிரித்தான்.

"அது ஆம்புளச் சைக்கிள் புள்ள. சீட்டப் பாத்தியா? உனக்கெல்லாம் சரிவராது."

அதற்குப் பிறகு நதீரா கேட்கவே இல்லை. புத்தியுள்ள புருசன் என்றால் அந்த இடத்தில் பயந்திருப்பான். பளீலோ நிம்மதியாக இருந்தான்.

அன்று சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவனைப் பார்த்து நதீரா கேட்டாள்.

"என்ன, காத்துப் போய்ட்டா?"

"இல்ல. சீட் மாத்தணும்."

"ஏன், நல்லாத்தானே கிடக்கு."

"இடுப்பு நோகுது."

"இடுப்பா?"

"இடுப்புக்குக் கொஞ்சம் தெக்கால."

நதீரா உதட்டைக் கடித்துக்கொண்டு குசினிக்குள் போனாள். பாவம், என்னை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று பளீல் மனம் உருகிப் போனான்.

மறுநாள் காலை கல்முனை பசாரில் மீராசா காக்காவின் சைக்கிள் கடைக்குப் போனான். நாலு பேர் நிற்கிற இடத்தில் விசயத்தை எப்படி அவிழ்ப்பது? காதுக்குள் சொன்னான். மீராசா காக்காவுக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். திரும்ப உரத்துச் சொல்ல வேண்டி வந்தது. கடையில் நின்ற எல்லாருக்கும் பளீலின் சுகம் விளங்கிவிட்டது.

"தம்பி, சீட் எண்டா செருப்பு மாதிரி," என்றார் மீராசா காக்கா. "ஆளுக்காள் அளவு வேற. குந்துற இடத்தில ரெண்டு எலும்பு இரிக்கி. பாரம் அந்த ரெண்டு எலும்பிலயும் இறங்கணும், நடுவுல இறங்கப்படாது. ஈர மணல்ல ஒருக்கா குந்தி எழும்புங்க. ரெண்டு குழி விழும். அந்த இடைவெளிய அளந்து வாங்க."

கடற்கரைக்குப் போனான். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பளீல் ஒதுக்குப்புறமாகப் போய்க் குந்தி எழும்பித் தரையைப் பார்த்தான். திரும்பவும் குந்தி எழும்பினான். வலை இழுத்தவர்கள் வலையை விட்டுவிட்டு இவனைப் பார்க்கத் தொடங்கினார்கள். "என்ன பளீல், மோதிரம் விழுந்து போய்ட்டா?" என்று ஒருவன் கிட்ட வந்து தேடவும் ஆரம்பித்தான். பளீல் சாரனை உதறிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

வீட்டில் நதீரா அரிசி மா வறுத்து, பின் வளவில் பாயில் பேப்பர் விரித்து ஆறப் போட்டிருந்தாள். வெள்ளை வெளேரென்று, அரித்த மா. மணலாவது மண்ணாவது, இதைவிடத் துல்லியமாக எதில் குழி விழும்? நதீரா கிணற்றடியில் நின்றாள். பளீல் மெல்லக் குந்தினான், மெல்ல எழும்பினான். இரண்டு குழிகள், அச்சில் வார்த்தது போல. ஈர்க்கு முறித்து அளந்துகொண்டு உள்ளே போய் ஒன்றும் தெரியாதவன் போல ரேடியோவைத் திருகினான்.

"இஞ்சாருங்க, மாவுல என்ன ரெண்டு குழி?"

"பூனை கீனை இரிந்திரிக்கும்."

"பூனைட பின்பக்கத்தில மா இல்ல. உங்கட சாரன்ல இரிக்கி."

பளீல் பின்னால் தடவிப் பார்த்தான். மறைக்க இனி என்ன இருக்கிறது? ஈர்க்கைக் காட்டினான். நதீரா பிள்ளைகளுக்குக் கோடு போடும் அடிமட்டத்தை எடுத்துவந்து, ஈர்க்கை அதில் வைத்துப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஈர்க்கில முறிக்காம அடிமட்டத்தக் கேட்டிருக்கலாம். நல்ல அகலமான சீட்டாப் பாருங்க. நடுவுல பள்ளம் இரிக்கணும். மூக்கு கட்டையா இரிக்கணும். கீழ ஸ்பிரிங் கட்டாயம் வேணும், இல்லாட்டி கல்லு ரோட்டுல முதுகு வரைக்கும் குத்தும்."

கெரியலைத் தவிர வேறு எங்கும் குந்தாத ஒருத்திக்கு இவ்வளவும் எப்படித் தெரியும் என்று அவன் கேட்டிருக்கலாம். டீச்சர்மாருக்கு எல்லாம் தெரியும்தானே என்று விட்டுவிட்டான். அவன் கடைக்குப் போகும்போது அவள் சொன்னாள்.

"மா முழுக்க உங்களுக்குத்தான். நான் தின்ன மாட்டன்."

மீராசா காக்கா ஒவ்வொரு சீட்டாகப் பூட்டினார். முதல் சீட்டில் குந்தியபோது தேங்காய் திருவலையில் ஏறிக் குந்தியது போல இருந்தது. அடுத்தது பார்க்க மெத்தை, குந்தினால் பலகை. கடைசியில் மேல் தட்டிலிருந்து ஒன்றை இறக்கித் தூசு தட்டினார். அகலம், நடுவில் பள்ளம், கட்டை மூக்கு, கீழே கொழுத்த ஸ்பிரிங் இரண்டு. பளீல் ஏறிக் குந்தினான். கண் தானாக மூடிக்கொண்டது.

"மாஷா அல்லாஹ். இதான் காக்கா. இதப் பூட்டுங்க."

"பூட்டலாம் தம்பி. ஆனா இது பொம்புளச் சைக்கிள்ட சீட்."

பளீல் கண்ணைத் திறந்தான். ஒரு பக்கம் மானம். மறு பக்கம், மறுகா ஒண்டுமே இல்லாமப் போற வருத்தம். மானம் போனால் ஊருக்குத்தான் தெரியும், மற்றது போனால் நதீராவுக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

"பூட்டுங்க. ஒரு கறுப்பு உறையும் போட்டு விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை வயலுக்கு அதில் போனான். அப்படி ஒரு சுகத்தை அவன் அறிந்ததில்லை. பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் தூக்கி வைத்தது. ஊசி போன்ற பழைய சீட்டில் கழிந்த வருசங்களை நினைத்துத் தன்மேல் இரக்கம் வந்தது. இந்த ஆனந்தமெல்லாம் காரைதீவுச் சந்தி செக் பொயின்ட் வரைக்கும்தான்.

சைக்கிளை இறங்கி உருட்டிக்கொண்டு வரிசையில் போனான். ஆமிக்காரன் சீட்டைப் பார்த்தான். ஊரில் எவன் சீட்டுக்குக் கறுப்புச் சட்டை போடுகிறான்? சந்தேகப்பட்டு ஒதுங்கி நிற்கச் சொன்னான். உறையைக் கழற்றச் சொன்னான். முன்னால் பத்துப் பேர், பின்னால் பஸ்ஸிலிருந்து இறங்கிய சனம். பக்கத்து வளவு ஸலாஹுதீனும் அதற்குள் நின்றான். பளீல் உறையைக் கழற்றினான். கொழுத்த ஸ்பிரிங்கோடு பொம்புளச் சீட் வெயிலில் பளபளத்தது. ஆமிக்காரன் அதை ஒரு அமத்து அமத்தினான். சீட் 'கிரீச்' என்றது.

"நோனாகேத?" என்றான் சிரித்துக்கொண்டு. பெண்சாதியுடையதா என்று கேட்கிறான்.

இல்லை, என்னுடையதுதான் என்றால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்லுகிற அளவுக்குப் பளீலிடம் சிங்களமும் இல்லை, தைரியமும் இல்லை.

"ஒவ் ஒவ்," என்றான் உரத்து. "நோனாகே, நோனாகே."

வரிசை முழுக்கச் சிரித்தது. பளீல் வயலைச் சரியாகப் பார்க்காமலே திரும்பி வந்து சாப்பிடக் குந்தினான். நதீரா மீனைத் தட்டில் வைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

"சீட் சரிதான். ஆனா எனக்குப் பார்தான் யோசினை."

"எந்தப் பார்?"

"சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல கிடக்கிற இரும்புக் கம்பி. சீட் எண்டா மெல்ல மெல்லத்தான் செய்யும். ஆனா கால் வழுக்கினா நேரா அந்தக் கம்பியிலதானே விழுவீங்க. ஒரே அடியில மறுகா ஒண்டுமில்ல."

பளீலுக்குப் போன மாரியில் வரம்பில் வழுக்கி அந்தக் கம்பியில் விழுந்தது ஞாபகம் வந்து, கண்ணில் தண்ணீரும் வந்தது.

"அப்ப என்ன செய்ற?"

"நீங்க படுங்க. நான் பாத்துக்கிறன்."

அவன் படுத்தான், தூங்கியும் போனான். எழும்பிப் பார்த்தபோது வாசலில் அவனுடைய சைக்கிள் இல்லை. அந்த இடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு லேடீஸ் சைக்கிள். பார் இல்லை. முன்னால் கூடை. பின் சில்லுக்குச் சீலை சிக்காத வலை. மேலே அவன் மாவில் குந்தி அளந்தெடுத்த சீட்.

"மீராசா காக்காட்ட மாத்தினன்," என்றாள் நதீரா. "மிச்சத்துக்கு என்ட சம்பளத்தில போட்டன். உங்கட சுகத்த விடவா எனக்குக் காசு?"

என்ன சொல்வது? நன்றி சொல்வதா, ஏசுவதா? இரண்டுக்கும் நடுவில் சைக்கிள் மணியை ஒருக்கா அடித்துப் பார்த்தான்.

திங்கட்கிழமை விடிந்தது. பளீல் அந்தச் சைக்கிளைத் தெருவுக்கு இறக்கினான். ஸலாஹுதீன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "பளீல், கூடைக்குள்ள பூ ஒண்டும் வைக்கல்லயா?" பள்ளிவாசல் பக்கமிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பளீல் ஒரு காலைத் தூக்கினான். தூக்கிய காலை அப்படியே இறக்கினான்.

"என்னால ஏலாது நதீரா. ஊர் சிரிக்கும்."

"அப்ப சரி. வீணாக் கிடக்கவா? தாங்க."

புத்தகப் பையைக் கூடைக்குள் வைத்தாள். குடையைக் கெரியலில் செருகினாள். பர்தாவைக் கொஞ்சம் ஒதுக்கி, ஏறிக் குந்தி, ஒரே மிதியில் தெருவுக்குள் போனாள். ஆட்டமில்லை, அசைவில்லை. பளீல் பின்னால் ஓடினான்.

"நதீரா, நில்லு. நீ எப்ப பழகின?"

"வெள்ளிக்கிழமையில. நீங்க எல்லாரும் ஜும்ஆ தொழ நடந்து போனா ஊர்ல பாக்கிறதுக்கு ஒரு ஆம்புள இரிக்கியா? நானும் காலிதீன்ட பெண்சாதி சுல்பிகாவும் மாறி மாறி ஓடுவம்."

"எந்தச் சைக்கிள்ல?"

"உங்கடதுலதான். அந்தச் சீட்ட நினைச்சா இப்பவும் நோகுது. மனிசர் குந்துற சீட்டா அது?"

"இரி இரி. இது என்ட சைக்கிளுக்கு மாத்தின சைக்கிள். அப்ப இது என்ட."

நதீரா பிரேக் பிடித்தாள். திரும்பிப் பார்த்தாள். பிள்ளை பிழையாகக் கணக்குச் செய்தால் பார்க்கிற அதே பார்வை.

"செக் பொயின்ட்டுல அத்தின பேருக்கு முன்னால, நோனாகே எண்டு நீங்களே வாயால சொன்னதாமே. ஸலாஹுதீன் சாட்சி. சொன்ன சொல்ல மாத்தப்படாது."

மணியை அடித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று நிந்தவூரில் அதிபர் மணிக்கூட்டைப் பார்க்க முன்பே அவள் கேற்றுக்குள் போயிருப்பாள். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, கிணறு அவளுடையது. இப்போது சைக்கிளும். பளீலுக்குக் கோபம் வந்தால் இனி அவன் எதைத் துடைப்பது?

நடந்தே காலிதீன் கடைக்குப் போனான். வாங்கில் பொத்தென்று இருந்தான்.

"டேய், அந்த சீட்டுக் கதைய உனக்கு ஆருடா சொன்ன?"

"எங்கட வீட்டுல சுல்பிகாதான் சொன்னா. நதீரா டீச்சர் பேப்பர்ல வாசிச்சாவாம். உன்ட காதுல போடச் சொல்லிச் சுல்பிகா என்ன விடல்ல மச்சான்."

பளீல் பிளேன்டியை வாங்கிக் குடித்தான். சீனி போட்டிருந்தது, ஆனாலும் கசந்தது. மாவடிப்பள்ளிக்குப் போக வேண்டும், வெயில் ஏறுகிறது, கால்தான் வண்டி. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினான்.

"ஆ, மச்சான், மறந்து போனன்," என்றான் காலிதீன், கோப்பையைக் கழுவிக்கொண்டே. "ஆம்புளைகள்ட சுகத்துக்கு எல்லாத்தையும் விட நடக்கிறதுதான் திறமாம். அதையும் சுல்பிகா இண்டைக்கு உன்னட்டச் சொல்லச் சொன்னா."